ஆய்வு மாணவரும் கற்பித்தற் கலையும்

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943ஆம் ஆண்டிற் பதவியேற்றவர் சுவாமி விபுலாநந்தர். அதற்கு முன்னர், 1931இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும் அவரே அமர்ந்திருந்தார். யாழ் நூலை இயற்றிய ஆராய்ச்சியாளர் என்று அவரை அறிந்தோர் பலர். இளமையில் அவர் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றவர் என்பதையும், பல்கலைக்கழக மேடைக்கு வருமுன் பள்ளிக்கூட வகுப்புகளில் நெடுங்காலம் நின்று பாடஞ் சொன்னவர் என்பதையும் நினைவிற் கொள்வோர் சிலரே. அவரிடம் கலாநிதிப் பட்டம் இருக்கவில்லை. கற்பிக்கும் பழக்கம் இருந்தது.

அவருக்குப் பின்வந்த தலைமுறையினரிடத்தும் இதனை ஒத்ததொரு வழியைக் காணலாம். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். பாராளுமன்றத்தில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவராயிருந்தார். அதன்பின்னரே பல்கலைக்கழக விரிவுரையாளராகி, 1970இல் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே பல்கலைக்கழகத்தில் அதே பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்த க. கைலாசபதி, அதற்கு முன் தினகரன் பத்திரிகையின் ஆசிரியராயிருந்து, ஆயிரக்கணக்கான வாசகருக்கு விளங்கும்படி எழுதப் பழகியவர். ஒருவர் வகுப்பறையிலிருந்தும் மற்றவர் பத்திரிகைக் காரியாலயத்திலிருந்தும் வந்தனர். கேட்போர் முகம் எப்படியிருக்கும், எந்த இடத்தில் அவர் கவனம் நழுவும் என்பதை இருவரும் ஆராய்ச்சிக்கு முன்னரே கற்றிருந்தனர்.

இன்று இலங்கையில் பல்கலைக்கழக ஆசிரியராகும் வழி வேறு. நல்ல சித்தியுடன் பட்டம் பெற்ற மாணவர், பட்டமளிப்பு விழாவின் அங்கி கழற்றிய சில மாதங்களுக்குள்ளேயே தற்காலிக உதவி விரிவுரையாளராகவோ, ஆய்வுகூடத்திற் செயன்முறை கற்பிப்பவராகவோ நியமனம் பெறுகிறார். பின்னர் வெற்றிடம் தோன்றினால் தகுதிகாண் விரிவுரையாளர் ஆகிறார். குறித்த காலத்துள் மேற்பட்டம் பெற்றாலன்றி அப்பதவி உறுதிப்படுத்தப்படுவதில்லை. ஆதலின், நம் நாட்டில் ஆய்வு மாணவர், விரிவுரையாளர் என்பன பல சமயங்களில் ஒருவருக்கே உரிய இரண்டு பெயர்கள். காலையில் ஐம்பது பேருக்குப் பாடஞ் சொல்பவர், மாலையில் தம் மேற்பார்வையாளர் முன் ஆய்வேட்டின் ஓர் இயலோடு மாணவராய் நிற்கிறார்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் மூத்த விரிவுரையாளர் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற பாடங்களிற் பல இந்த இளையோரின் தோளில் விழுந்தன. முதலாம் ஆண்டு மாணவர் சந்திக்கும் முதற் பல்கலைக்கழக ஆசிரியர், பெரும்பாலும், அவரினும் ஐந்தாறு வயதே மூத்த ஒருவர். அந்த ஒருவருக்குக் கற்பிக்கத் தெரியுமா என்பது சின்ன விஷயமன்று.

அவர் கற்பித்தலை எங்கே பழகினார்? இதற்கு விடை தேட ரீட் அவெனியூவிலே நின்றாற் போதாது. மாலை நாலு மணிக்கு மேல் அங்கிருந்து இரு திசையிலும் புறப்படவேண்டும். தெற்கே வெள்ளவத்தை, வடக்கே கொட்டாஞ்சேனை. இவ்விரு ஊர்களையும் பல்கலைக்கழகத்தின் அருகாக 155ஆம் இலக்க பஸ்வண்டி இணைக்கிறது. அதில் ஏறும் பட்டதாரிகளிலும் பட்டதாரி மாணவரிலும் பலர் வீட்டுக்குச் செல்வதில்லை; வகுப்புக் கொடுக்கச் செல்கின்றனர். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலே, மாடிவீடுகளின் முன்னறைகளிலே, ஜம்பட்டா வீதியை அடுத்த குடியிருப்புகளிலே, க. பொ. த. உயர்தர மாணவர் இரண்டு மூன்று பேருக்கு இரசாயனவியலோ, கணிதமோ, கணக்கியலோ சொல்லிக்கொடுத்து வருவது கொழும்புத் தமிழ் இளைஞருக்கு நெடுநாளைய பிழைப்பு. இன்னும் சிலர் பெரிய தனியார் வகுப்புகளில், ஒலிபெருக்கி பிடித்து, நூற்றுக்கணக்கானோர் முன்னிலையிற் பேசுகின்றனர்.

இந்தப் பழக்கத்தை இழிவாகப் பேசுவது சில பேராசிரியர்களுக்கு வழக்கம். அது நியாயமன்று. மேசையின் எதிர்ப்புறத்தில் ஒரு பிள்ளை அமர்ந்திருக்கும்போது, அப்பிள்ளைக்கு எந்த வரியில் புருவம் நெளிகிறது என்பதைக் கண்ணாற் காணலாம். பிழையான விடையின் பின்னால் பிழையான எண்ணம் ஒன்று ஒளிந்திருக்கும் என்பதை அவ்வறை கற்பிக்கிறது. அம்மா குசினியிலிருந்து தேநீர் கொண்டுவரும்போது "பிள்ளைக்கு விளங்குதோ, தம்பி?" என்று கேட்பார், அக்கேள்விக்கு உண்மையான விடை சொல்லவேண்டிய கட்டாயமும் அங்கே உண்டு. பல்கலைக்கழகத்திலே அப்படிக் கேட்போர் எவருமில்லை.

ஆயினும் அவ்வகுப்புகளின் நோக்கம் ஒன்றே. பரீட்சையில் எது வரும், அதற்கு எதை எழுதவேண்டும் என்பதற்கு அப்பால் அங்கே எதுவும் நிகழ்வதில்லை. சென்ற ஆண்டுகளின் வினாத்தாள், விடை, புள்ளித்திட்டம், குறிப்பை வாசிக்க வாசிக்க எழுதுதல் என்றிவ்வாறு நடப்பது. அங்கே பெயர் பெற்ற இளைஞர் விரிவுரை மண்டபத்துக்கு வரும்போது அந்த முறையையே கையோடு கொண்டுவருகிறார். குறிப்புச் சொல்கிறார், மாணவர் எழுதுகின்றனர். திரையிலே படங்காட்டும் கருவி வந்த பின்னர், சொல்லவும் வேண்டுவதில்லை. காட்டினாற் போதும், மாணவர் கைபேசியாற் படம் எடுத்துக்கொள்கின்றனர். பாடம் முடிந்தது என்று இரு தரப்பாரும் திருப்தியடைகின்றனர். வினா ஒன்றும் எழவில்லை என்பதை எவரும் கவனிப்பதில்லை.

ஆராய்ச்சி இக்குறையைத் தானாகத் தீர்த்துவிடும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. கலாநிதி ஆய்வு மனிதரை ஒரு பொருளில் ஆழமாக இறக்குகிறது, அகலத்திலிருந்து பிரிக்கிறது. நான்கைந்து ஆண்டு ஒரே வினாவோடு வாழ்ந்தவருக்குத் தொடக்கநிலை மாணவரின் அறியாமை எப்படியிருக்கும் என்பது மறந்துபோகிறது. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவர்களுக்குச் சில உவமைகள் கூறியுள்ளார். அவற்றுள் ஒன்று பருத்திக் குண்டிகை. சிறுவாய்க் குடுவையிற் பஞ்சைச் சிறிது சிறிதாகத் திணிக்க வேண்டும். எடுக்கும்போதும் சிறிது சிறிதாகவே வரும். மற்றொன்று கழற்குடம்; கழற்சிக்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், இட்ட ஒழுங்கில் அவை வெளிவருவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இவ்விரு உவமைகளும் ஆய்வேட்டை அப்போதுதான் சமர்ப்பித்துவிட்டு வந்த விரிவுரையாளரை மனத்திற் கொண்டே எழுதப்பட்டவை போலத் தோன்றும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஆய்வேடு ஒரு நாளும் தனிமையில் எழுதப்படுவதில்லை. ஒவ்வோர் இயலையும் மேற்பார்வையாளர் வாசிக்கிறார், ஓரத்திற் குறிக்கிறார், திருப்பியனுப்புகிறார். கருத்தரங்கிலே சக மாணவர் குறுக்குக் கேள்வி கேட்கின்றனர். இறுதியில் வெளியார் வந்து பரீட்சிக்கின்றனர். எவரும் வாசியாத ஆய்வேட்டை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது. அதே மாணவர், அதே வாரத்தில், நூறு பேருக்கு நிகழ்த்தும் விரிவுரையையோ எவரும் முன்னரும் பார்க்கவில்லை, பின்னரும் பார்க்கப் போவதில்லை. கதவு சாத்தப்படுகிறது, ஒரு மணிநேரம் கழித்துத் திறக்கப்படுகிறது. உள்ளே நடந்தது நன்றா, தீதா என்று சொல்ல ஆளில்லை. ஆய்வு மாணவருக்குக் கற்பித்தலில் உதவி செய்தல் என்றால், முதன்முதலில் செய்யவேண்டியது அந்தக் கதவைத் திறப்பதே. ஆராய்ச்சிக்கு எந்த முறை உண்டோ, வரைவு, வாசிப்பு, திருத்தம், மீண்டும் வரைவு, அதனையே பாடஞ்சொல்லலுக்கும் ஆக்குதல்.

வேறு நாடுகள் இதை உணர்ந்து அறுபதாண்டுக்கு மேலாயிற்று. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962ஆம் ஆண்டிலே கற்றல் கற்பித்தலை ஆராய்வதற்கென ஒரு நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைற் அலன் என்பவரும் அவர் குழுவினரும் 'நுண்கற்பித்தல்' என்னும் முறையை உருவாக்கினர். இந்தியாவிலே பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட ஒழுங்குவிதிகளின்படி, எந்தத் துறையினராயினும் கலாநிதி மாணவர் கற்பித்தற் பயிற்சி பெறவேண்டும். வாரத்துக்கு 4 முதல் 6 மணிநேரம் வரை பயிற்சி வகுப்பு, ஆய்வுகூடம், மதிப்பீடு ஆகியவற்றில் அவர்களை ஈடுபடுத்தவும் இடமுண்டு. இலங்கையிற் கொழும்புப் பல்கலைக்கழகம் 1997இல் பணியாளர் அபிவிருத்தி நிலையத்தை நிறுவி முன்னோடியாயிற்று. அங்கே நடைபெறும் உயர்கல்விக் கற்பித்தற் சான்றிதழ்ப் பாடநெறியில், பங்குபற்றுவோர் தாம் கற்பித்ததற்கான சான்றுகளைத் திரட்டி, அவற்றைப் பற்றிய தம் சிந்தனைகளோடு ஒரு கோவையாக ஒப்படைக்கின்றனர். புதிய விரிவுரையாளர் பதவியில் உறுதிபெறுவதற்கு இத்தகைய தொடக்கப் பயிற்சி ஒன்றை முடித்திருக்க வேண்டும் என்பது இன்று நாடெங்கும் விதி.

விதி இருப்பது நன்று. ஆனால் அது தகுதிகாண் விரிவுரையாளருக்கே உரியது. தற்காலிகமாய் ஓராண்டு, ஈராண்டு பணிபுரியும் இளம் பட்டதாரி, அதாவது முதலாம் ஆண்டு மாணவரோடு அதிக நேரம் நிற்பவர், பெரும்பாலும் அப்பயிற்சியைப் பெறாமலே வகுப்புக்குட் போகிறார்.

நுண்கற்பித்தல் எவ்வாறு நடக்கும் என்பதை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். தாவரவியலில் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்திக்குப் பத்து நிமிடம் கொடுக்கப்படுகிறது. எதிரே நான்கைந்து சக ஆய்வு மாணவர். அவர்களில் வேறு துறையினர் இருவராவது இருத்தல் நன்று. ஒரு கைபேசி மேசைமேற் சாய்த்து வைக்கப்பட்டுப் படம் பிடிக்கிறது. அக்காலத்தில் ஸ்டான்போர்ட்டில் இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. பொருள்: பிரசாரணம். பாடசாலையிலே உயர்தரத்தில் படிக்கும் பழைய பொருள்தான்.

முதன்முறை அவள் இவ்வாறு தொடங்குவாள்: தேர்ந்து புகவிடும் மென்சவ்வு ஒன்றினூடாக, நீரழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீர் மூலக்கூறுகள் செல்லுதல் பிரசாரணம் எனப்படும். வரைவிலக்கணம் சரி. தொடர்ந்து சமன்பாடு, பிறகு தன் ஆய்வில் உள்ள கண்டற் தாவரங்களைப் பற்றி ஆர்வத்தோடு நான்கு நிமிடம். மணி அடிக்கிறது. எதிரே இருந்த பொருளியல் மாணவரை நோக்கி, என்ன விளங்கியது என்று கேட்டால், கண்டற் தாவரம் உப்புநீரில் வளரும் என்பது விளங்கியது என்பார்.

பின்னர் படத்தை ஓடவிட்டு எல்லோரும் பார்க்கின்றனர். இங்கே ஓர் ஒழுங்கு முக்கியம்: முதலிற் பேசவேண்டியவர் கற்பித்தவரே. எங்கே தடுமாறியது என்பதை அவளே சொல்லிவிட்டாற் பிறர் சொல்வது புண்படுத்தாது. அதன்பின் மற்றவர் ஒரேயொரு திருத்தம் சொல்லலாம். பத்துத் திருத்தம் சொன்னால் ஒன்றும் நிற்காது.

மறுநாள் அவள் திரும்பவும் அதே பொருளைக் கற்பிக்கிறாள். இம்முறை வரைவிலக்கணம் இல்லை. காலிமுகத்திடலிலே விற்கும் மாங்காய்த் துண்டை நினைக்கச் சொல்கிறாள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சிறிது நேரம் வைத்தால், துண்டின் மேல் நீர் கசிந்து நிற்கிறது. அந்த நீர் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து வரவில்லை, மாங்காயின் உள்ளிருந்துதான். உப்பு நீரை இழுக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். கயிறு கட்டியா இழுக்கிறது? அப்படியானால் உப்பு உள்ளே போகாமல் நீர் மாத்திரம் ஏன் பெரும்பாலும் வெளியே வருகிறது? இக்கேள்வியிற் பிறப்பதுதான் மென்சவ்வு. வரைவிலக்கணம் எட்டாவது நிமிடத்தில் வருகிறது. அப்போது அது கேட்டவரின் விடையாக வருகிறது. கண்டற் தாவரம் கடைசி நிமிடத்தில், ஒரு புதிராக வைக்கப்படுகிறது: சுற்றிலும் உப்புநீர் இருக்க, இம்மரத்தின் வேர் எவ்வாறு நீர் பெறுகிறது? ஆய்வு மாணவியின் நான்காண்டுக் கேள்வியின் ஓர் ஓரத்தை முதலாம் ஆண்டு மாணவர் இப்போது தொட்டுவிட்டார்.

இதே உதாரணம் மொழிச் சிக்கலொன்றையும் காட்டும். கொட்டாஞ்சேனையிலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ தமிழ் மொழிமூலம் படித்து விஞ்ஞான பீடத்துக்கோ மருத்துவ பீடத்துக்கோ வரும் பிள்ளைக்குப் பிரசாரணம் தெரியும், ஒஸ்மோசிஸ் தெரியாது. விரிவுரை ஆங்கிலத்தில் நிகழ்கிறது. தெரிந்த பொருளே தெரியாத பொருளாய் முன்னால் நிற்க, அப்பிள்ளை தன்னையே குறைவாக மதிக்கத் தொடங்குகிறது. முதல் மூன்று மாதத்தில் வாய் மூடிய மாணவர் பின்னர் நான்கு ஆண்டும் வாய் திறவாதிருத்தல் உண்டு. இளம் விரிவுரையாளர் கரும்பலகையின் ஓரத்தில் ஆங்கிலச் சொல்லையும், அதன் அருகே தமிழ்ச் சொல்லையும் சிங்களச் சொல்லையும் எழுதிவைத்தால் ஒரு நிமிடமே செலவாகும். சிங்களச் சொல் தெரியாவிட்டால் வகுப்பிலுள்ள மாணவரைக் கேட்கலாம், கேட்பது நல்லதுங்கூட. தாமும் தமிழ் மொழிமூலத்தால் வந்த இளையோர் தம் முதலாண்டின் அல்லலை விரைவில் மறந்துவிடுவதுதான் வியப்பு. ஆங்கிலம் பிடிபட்ட பிறகு, அது எப்போதும் தெரிந்திருந்தது போலவே தோன்றிவிடுகிறது.

ஆய்வுகூடம் வேறொரு களம். செயன்முறை வகுப்பில் றியோ இலையின் ஊதாநிற மேற்றோலை உரித்து, செறிவான வெல்லக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியினூடே பார்க்கின்றனர். கலத்தின் உட்பொருள் சுருங்கிக் கலச்சுவரை விட்டு விலகும். முதலுருச்சுருக்கம் எனப்படுவது இதுவே. மாணவர் நிமிர்ந்து, இது சரியா என்று கேட்பார். உதவிக்கு நிற்கும் ஆய்வு மாணவருக்கு எளிதான வேலை, குனிந்து பார்த்து, சரி, இதை வரை என்று சொல்லிவிடுவது. இருபது மேசை இருக்கிறது, நேரம் இல்லை. ஆனால் 'முன்பு எப்படி இருந்தது? எது மாறியிருக்கிறது?' என்று மாத்திரம் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனாலும் அதே நேரமே செல்லும். திரும்பி வரும்போது மாணவர் விடையோடு இருப்பார், அல்லது மேலும் நல்ல கேள்வியோடு இருப்பார். இந்தச் சிறு பழக்கத்தைச் சொற்பொழிவாற் கற்பிக்க இயலாது. மூத்தவர் ஒருவர் அருகே நின்று இரண்டு வாரம் செய்துகாட்டினாற் படியும்.

மூத்தவர் வகுப்பில் வந்து அமர்தல் என்றவுடன் அச்சம் எழும். அவ்வச்சத்துக்குக் காரணமும் உண்டு. மேற்பார்வையாளரே ஆய்வேட்டுக்கும் பொறுப்பு, பதவி உறுதிக்கும் அவர் கருத்தே முக்கியம், வகுப்பையும் அவரே பார்ப்பார் என்றால், இளையவர் அன்று நாடகம் நடத்துவாரேயன்றிப் பாடம் நடத்தமாட்டார். ஆகவே பார்க்க வருபவர் பதவிக் கோவையோடு தொடர்பில்லாதவராயிருத்தல் வேண்டும். வேறு துறையினர் ஒருவர், அல்லது இரு ஆய்வு மாணவர் மாறிமாறி ஒருவர் வகுப்பை மற்றவர் பார்ப்பது மிகவும் பயன்தரும். பார்ப்பவர் எழுதவேண்டியது மதிப்பெண்ணன்று, கண்டது மாத்திரம். எத்தனை கேள்வி கேட்கப்பட்டது, கேட்டபின் எத்தனை விநாடி காத்திருந்தார், விடை சொன்னவர்கள் முன்வரிசையினரா பின்வரிசையினரா, தமிழ் மாணவர் எங்கே கூடி அமர்ந்திருந்தனர், அவர்களை நோக்கிக் கண் சென்றதா. காத்திருந்த நேரத்தைக் கணக்கிட்டவர்கள் பெரும்பாலும் திடுக்கிடுகின்றனர். ஒரு விநாடியிலே தம் கேள்விக்குத் தாமே விடை சொல்லிவிடுகிறவர் பலர்.

விடைத்தாள் திருத்துவதும் கற்பித்தலின் பகுதியே. இருவர் ஒரே பத்து விடைகளைத் தனித்தனியே திருத்திவிட்டுப் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒருவர் எட்டுப் புள்ளி இட்ட விடைக்கு மற்றவர் நான்கு இட்டிருப்பார். ஏன் என்று விவாதிக்கும்போதுதான், வினாவே தெளிவற்றிருந்தது என்பதோ, ஒருவர் ஆங்கிலப் பிழைக்குப் புள்ளி குறைத்திருக்கிறார், மற்றவர் கருத்தை மாத்திரம் பார்த்திருக்கிறார் என்பதோ வெளிப்படும். ஒரு பிற்பகல் போதும்.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. இந்திய ஒழுங்குவிதி ஆய்வு மாணவருக்குக் கற்பிக்கும் வாய்ப்பை வகுத்துக் கொடுக்க முயல்கிறது. இலங்கையிலோ கற்பிக்கும் சுமை முன்னமே அதிகம், அதனால் ஆய்வு பின்தள்ளப்படுகிறது. இங்கே வேண்டப்படுவது மேலும் மணிநேரங்களன்று. பத்துப் பாடம் எவரும் பாராமல் எடுப்பதிலும், நாலு பாடம் ஒருவர் பார்க்க எடுத்துத் திருத்திக்கொள்வது மேல். பீடங்கள் நேரசூசி வகுக்கும்போதே இதைக் கணக்கிற் கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. இத்தகைய பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் பிற்பகல் நாலு மணிக்கே வைக்கப்படுகின்றன. ஆய்வு மாணவரின் உதவித்தொகை கொழும்பில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எட்டாத தொகை. ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் ஒரு வீட்டிலும், ஏழு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் இன்னொரு வீட்டிலும் பிள்ளைகள் புத்தகத்தோடு காத்திருக்கின்றனர். பயிற்சியை ஒழுங்குசெய்வோர் அதனைக் காலை வேளைக்கு மாற்றி, அதற்குச் செலவாகும் மணிகளுக்கு ஒரு சிறு கொடுப்பனவும் அளித்தால், வருவோர் தொகை கூடும்.